ஏழு மூக்கு, ஒரே ஃபிரேம்

அத்தியாயம் 9

போன வார இதழை யாரோ இரவல் வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தராத வாசகர்களுக்காக, நடந்தது இவ்வளவுதான்:

ஒன்பது நாளைக்கு முன் நகர நலச் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சங்கக் கூடத்தில் பின்மண்டை உடைந்து இறந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு வெண்கலச் சுழற்கோப்பை. பெயர்தான் சுழற்கோப்பை. எட்டு வருடமாக அது அவருடைய மேஜையை விட்டு எங்கும் சுழன்றதில்லை. கடைசியில் ஒரே ஒரு தடவை சுழன்றது.

அதற்கு முந்தின நாள் சங்கத்துக்குப் பொன்விழா. தலைவர் தன் உரையில் இரண்டு பத்தியைத் தாண்டிப் படித்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உள்ளுக்குள் நன்றி சொன்னார்களே தவிர யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தலைவர் தவறு செய்வதில்லை. ஆகவே தவறு கண்ணாடியுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் தம்பியைப் பதினைந்து பேர் முன்னால் நிற்கவைத்து அரைமணி நேரம் திட்டினார். தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாத்த வேண்டியது கண்ணாடி இல்ல சார், உங்க மண்டை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் மாலை மண்டை உடைந்தது. ஊரிலேயே மண்டையைப் பற்றிப் பேசியவன் அவன் ஒருவன்தான். இன்ஸ்பெக்டருக்கு விசாரணை அதோடு முடிந்தது.

இன்று மாலை ஐந்து மணிக்கு வேன் வரும். தம்பியைப் பெரிய ஊர்ச் சிறைக்குக் கொண்டுபோவார்கள். போய்விட்டால் வழக்கு முடிய எத்தனை வருடம் ஆகும் என்று வக்கீலைக் கேட்டதற்கு, அவர் பேனாவை மூடினார்.

அவனை வளர்த்தவள் அக்கா. பெரிய அக்கா இல்லை, சின்ன அக்கா. கடையை நடத்துகிறவள். ஊருக்கு அவள் கண்ணாடிக்காரம்மா. வயது நாற்பத்து மூன்று. கல்யாணத்தைப் பற்றி யோசிக்க நேரமிருந்த வருடங்களில் அப்பா படுக்கையில் கிடந்தார். பிறகு நேரம் வந்தபோது யோசனை போய்விட்டது.

அவளுக்குத் துணையாகத் துப்புத் துலக்க வந்து சேர்ந்தவர் மாட்டு டாக்டர். மண்டை உடைந்ததற்கு மறுநாள் காலையில் நாயோடு நடக்கப் போனவர் சங்கக் கூடத்துக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே எட்டிப்பார்த்தார். மனிதர்களுக்கான டாக்டர் விடுமுறையில் இருந்ததால், தலைவர் இறந்துவிட்டார் என்று முதலில் சொன்னதும் அவர்தான். உயிரோடு இருந்தபோது தன்னைத் தொட்டுப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குத்தான் தகுதி உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்குக் கடைசியில் நாடி பார்த்தது மாட்டு டாக்டர்.

* * *

காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்ததும் முதலில் வந்தவர் துணைத் தலைவர். இப்போது பொறுப்புத் தலைவர். தலைவர் இறந்த இரண்டாம் நாளே அப்படிக் கூப்பிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். கடைக்குள் ஒரே ஒருத்திதான் இருந்தாள் என்றாலும் ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதுபோல இடமும் வலமும் தலையைத் திருப்பி, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து வைத்தார்.

வலது லென்ஸின் ஓரத்தில் கீறல். கீல் திருகு ஒன்றைக் காணோம். வீட்டுப் பூனை தட்டிவிட்டது என்றார். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். அவர் வாசிக்க வேண்டும், போட்டோவும் எடுப்பார்கள். மாலைக்குள் வேண்டும்.

அவள் எழுதி, எண் போட்டு, தட்டில் வைத்தாள். தம்பியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று மட்டும் அறிவித்துவிட்டு இறங்கினார்.

அந்தத் தட்டில் ஏற்கெனவே பழகிய ஃபிரேம்தான் அது. கனத்த கறுப்பு. பொன்விழாப் போட்டோவில் ஒற்றுமை தெரிய வேண்டும் என்று செயற்குழுவின் ஏழு பேருக்கும் ஒரே ஃபிரேம் போடச் சொன்னது தலைவர். ஏழு பேரில் இருவருக்குக் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. அவர்களுக்கு வெறும் கண்ணாடி மாட்டிக் கொடுத்தாள். ஒற்றுமை பூரணமாயிற்று.

துணைத் தலைவர் போன பிறகு டாக்டர் வந்தார். ஆறடி உருவம், வாசலில் குனிந்து வரவேண்டும். போன வாரம் இதே இடத்தில் நின்று அவளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்து, மழை வரும்போல இருக்கு என்று முடித்துவிட்டுப் போனவர். அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

இன்றைக்கு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ராத்திரியெல்லாம் ஒரு விஷயம் உறுத்தியது என்றார். தலைவர் மல்லாந்து கிடந்தார். கண்ணாடி முகத்தில் இருந்தது. இரண்டு கம்பியும் இரண்டு காதிலும் ஒழுங்காக மாட்டியிருந்தது.

"பின்னால அடி வாங்கி விழுந்த ஆள் மேடம். கண்ணாடி பறந்து போயிருக்கணும். யாரோ மாட்டி விட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா நேரா இல்ல. இடது பக்கம் தூக்கிட்டு நின்னுது."

அவள் கையிலிருந்த குறடைக் கீழே வைத்தாள்.

"தூக்கிட்டா? எவ்வளவு?"

டாக்டர் விரலை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, தொடாமல், காட்டினார். ஒரு நூல் அளவு.

தலைவருக்கு இடது காது வலது காதைவிட ஒரு நூல் உயரம். ஊரில் யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அவரிடம் அதைச் சொல்லும் தைரியம் யாருக்கு உண்டு. பதினெட்டு வருடமாக அவருக்குக் கொடுத்த ஒவ்வொரு கண்ணாடியிலும் இடது கம்பியைச் சூடுகாட்டி ஒரு நூல் வளைத்துத்தான் அவள் கொடுத்திருக்கிறாள். அவள் கையிலிருந்து போன கண்ணாடி அவர் முகத்தில் சாய்ந்து நிற்க வழியே இல்லை.

"அப்ப அது அவரோடது இல்ல" என்றாள்.

* * *

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பத்திரிகைக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அதில் துரிதமாக என்ற சொல் நாலு இடத்தில் வந்திருந்தது. ஐந்தாவதற்கு இடம் தேடும் நேரத்தில் அவளும் டாக்டரும் போய் நின்றார்கள். தலைவர் முகத்தில் இருந்த கண்ணாடி சாட்சிப் பொருள், தொடக் கூடாது என்றார். தொட மாட்டேன், கவரோடு பார்க்கிறேன், கடை ரிஜிஸ்டரில் எந்த எண் என்று சொன்னால் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள் அவள். அறிக்கை நீளமாகும் என்றதும் அவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

உள்ளறையில் கம்பிக்குப் பின்னால் தம்பி உட்கார்ந்திருந்தான். ஒன்பது நாள் தாடி. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பிறகு, கடையில் எண் நாற்பத்தொன்று லென்ஸ் பாதியில் நிற்கிறது, ஆர்டர் கொடுத்த டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு என்றான். அதற்குமேல் அங்கே நின்றால் அழுதுவிடுவோம் என்று அவள் நகர்ந்தாள்.

கண்ணாடியின் பவரை அளக்க மெஷின் உண்டு. மெஷின் இல்லாத இடத்தில் கண் போதும். சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. கவரோடு கண்ணாடியைத் தூக்கி, லென்ஸ் வழியாக அதன் கட்டங்களின் கோட்டைப் பார்த்து, மெதுவாக இடமும் வலமும் அசைத்தாள். கிட்டப்பார்வைக்குப் போடும் லென்ஸ் என்றால் கோடு கை போகும் பக்கமே போகும். தூரப்பார்வை லென்ஸ் என்றால் எதிர்ப்பக்கம் ஓடும்.

தலைவருக்கு இரண்டு கண்ணும் கிட்டப்பார்வை.

வலது லென்ஸில் கோடு கையோடு கூடவே போனது.

இடது லென்ஸில் எதிரே ஓடியது.

இன்னொரு தடவை அசைத்தாள். மறுபடியும் ஓடியது.

ஒரு கண் கிட்டே, ஒரு கண் தூரே. இப்படி ஒரு ஜோடி அந்த ஊரில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. அந்த அட்டையை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. வருடம் தவறாமல் அவளே சோதித்து, அவளே எழுதியது. பெயருக்குப் பதிலாக அட்டையின் மேலே "அத்தான்" என்று எழுதியிருப்பாள்.

பெரிய அக்காவின் கணவர். சங்கத்தின் செயலாளர்.

இன்ஸ்பெக்டர் என்ன எண் என்று கேட்டார். ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியில் இறங்கும்போது கால் வைத்த இடம் தெரியவில்லை. டாக்டர் பிடிக்கவில்லை, பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். விழுந்தால் அவர்மேல்தான் விழ முடியும் என்கிற இடத்தில் நின்றார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் தாழ்ந்த குரலில்.

கன்று போடும் பசுவிடம் அவர் இதே குரலில் பேசுவதை அவள் கேட்டிருக்கிறாள்.

"யாருதுன்னு தெரிஞ்சிடுச்சு, இல்லையா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சொல்ல வேண்டாம். வலியை வெளியே காட்டாத ஜீவனைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம்."

"என்னை மாடுங்கறீங்களா டாக்டர்?"

"மாட்டை நான் ரொம்ப மதிக்கறேன் மேடம்."

அந்த நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது என்பதை அவளாலேயே மன்னிக்க முடியவில்லை. கடைச் சாவியை அவரிடம் கொடுத்தாள். நாலு மணிக்கு வக்கீல் கடைப் போனில் கூப்பிடுவார், அதுவரை அங்கே உட்கார்ந்திருக்க முடியுமா என்றாள். அவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. சாவியை வாங்கி, கீழே விழுந்துவிடுமோ என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

* * *

அக்கா வீட்டுக்குப் போகும் வழி பத்து நிமிடம். அன்றைக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

தம்பிக்கு எட்டு வயதில் அம்மா போனபோது தலைவாரிவிட்டது அவள். அப்பாவுக்கு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு நாள் படுத்தது அத்தான். ஒருவனை வெளியே கொண்டுவர இன்னொருவரை உள்ளே அனுப்ப வேண்டும். அனுப்பினால் அக்கா. அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடும், கால் மட்டும் நடக்கும்.

கதவைத் திறந்த அக்கா, தம்பியைப் பார்த்தாயா, சாப்பிட்டானா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, உன் அத்தானும் சரியில்லை என்றாள். தலைவர் போன துக்கத்தில் ஒன்பது நாளாகத் தலைவலி. படியில் தடுக்குகிறார். நேற்றுத் தண்ணீர் டம்ளரை எட்டிப்பிடித்து, டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தார்.

"கண்ணை ஒரு தடவை உன்கிட்ட காட்டுங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுடி. கடைப்பக்கமே வர மாட்டேங்கறார்."

அத்தான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் செய்தித்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். மூக்கின்மேல் கனத்த கறுப்பு ஃபிரேம். வலது காதுப் பக்கம் இறங்கி, இடது பக்கம் கம்பி காதை விட்டு எழும்பி நின்றது.

ஊரில் ஒரே கண்ணாடிக் கடை. அது மைத்துனியின் கடை. அந்த மனிதர் ஒன்பது நாளாகச் செத்துப்போனவரின் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார், அவள் நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்து.

அவள் கிட்டே போய், இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றினாள். கடையில் தினமும் இருபது பேருக்குச் செய்வதுதான். அவர் தடுக்கவில்லை. இடது கம்பியில், அவளுடைய குறடு பட்ட தடம் இருந்தது. ஒரு நூல் வளைவு.

"அத்தான், இது உங்களுது இல்ல."

அக்கா உள்ளேயிருந்து வரும் காலடி கேட்டது. அத்தான் வெறும் கண்ணோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில்லாத அவர் முகம் இருபது வருடத்தில் அவள் சோதனை அறையில் மட்டுமே பார்த்தது. திடீரென்று வயதாகியிருந்தது.

பிறகு அவர் சொன்னார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்கா சுவரோரமாக நின்று கேட்டாள்.

அன்று மாலை ஆறு மணிக்குக் கூட்டக் குறிப்பில் கையெழுத்து வாங்கப் போனாராம். கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டும். தலைவர் குப்புறக் கிடந்தார். புரட்டிப் பார்த்தபோது உயிர் இல்லை. குனிந்ததில் இவருடைய கண்ணாடி நழுவி விழுந்தது. பக்கத்திலேயே தலைவருடையது கிடந்தது. கைக்குக் கிடைத்த ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு, மற்றதை அவருக்கு மாட்டிவிட்டார்.

"ஏன் மாட்டினீங்க?"

அத்தான் அந்தக் கேள்வியைப் புரியாததுபோலப் பார்த்தார்.

"தலைவர்ம்மா. கண்ணாடி இல்லாம அவரை யாரும் பார்த்ததில்ல. நாலு பேர் வந்து பார்ப்பாங்க. மரியாதையா இருக்க வேண்டாமா?"

இருபது வருடச் செயலாளர். ஒரு கொலையின் நடுவில் மண்டியிட்டு, நெறிமுறை தவறாமல் நடந்துகொண்டிருக்கிறார். போலீசுக்குப் போக வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. வீட்டுக்கு ஓடிவரும் வழியில் சாலை ஏறுவதும் இறங்குவதுமாகத் தெரிந்தபோதுதான் கண்ணாடி மாறியது தெரிந்ததாம். மறுநாள் தம்பியைப் பிடித்தார்கள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது நாள்.

"அவன் சின்னப் பையன்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். அதைச் சொன்ன குரலில் இருபது வருட இல்லறத்தில் ஏதோ ஒன்று முடிந்தது.

"நான் அடிக்கலைன்னு யார் நம்புவா?" என்றார் அத்தான். "அங்கே இன்னொரு கண்ணாடி இருந்துச்சுன்னு சொன்னா சிரிப்பாங்க."

தங்கை நிமிர்ந்தாள்.

"எந்தக் கண்ணாடி?"

உள்ளே நுழையும்போது வாசல் கதவோரம் ஒன்று கிடந்தது, மிதிக்கப் பார்த்தேன் என்றார். இதே ஃபிரேம். தலைவருடையது என்று நினைத்துத் தாண்டிப் போனால், தலைவருடையது அவர் தலைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆக இரண்டு. இவருடையதும் விழுந்த பிறகு மூன்று.

"திரும்பி ஓடறப்போ கதவுகிட்ட ஒண்ணும் இல்லம்மா. பிரமைன்னு நினைச்சுக்கிட்டேன்."

பிரமை இல்லை. அவர் பிணத்துக்கு மரியாதை செய்துகொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று, குனிந்து, எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மணி நாலே கால். அவள் தலைவரின் கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"அக்கா, அத்தானைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போ. வேன் வர்றதுக்குள்ள இதையெல்லாம் அவர் வாயாலயே சொல்லட்டும். இதையும் குடுத்துடு."

அக்கா கைக்குட்டையை வாங்கிக்கொண்டாள். வாசலுக்குப் போய் அவருடைய செருப்பைத் திருப்பிப் போட்டாள். பிறகு கையை நீட்டினாள். எப்போதும் இரண்டடி முன்னால் நடந்தே பழகிய செயலாளர், எதிரே எது கதவு எது சுவர் என்று தெரியாமல், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

தெருமுனையில் இடதுபக்கம் ஸ்டேஷன். வலதுபக்கம் கடை. அங்கே வந்தபோது அவள் கைபேசி அடித்தது. டாக்டர். குரல் காற்றுப்போல மெலிந்திருந்தது.

"பின்னால லென்ஸ் தேய்க்கற ரூம்ல இருந்து பேசறேன் மேடம். துணைத் தலைவர் வந்திருக்கார். கண்ணாடியை இப்பவே குடுங்கறார். எங்கே இருக்குன்னு தேடற மாதிரி உள்ளே வந்தேன். பூனை தட்டிவிட்டதுன்னு சொல்றார்."

"ஆமா, காலையில எங்கிட்டயும் சொன்னார்."

"அவர் வீட்டுல பூனை கிடையாது. இந்த ஊர்ல இருக்கற ஒவ்வொரு பூனையும் எனக்குத் தெரியும். போன வருஷம் தெருப் பூனை ஒண்ணு உள்ளே போனதுக்கே அவருக்கு மூச்சுத் திணறி, என்னைக் கூப்பிட்டுப் பிடிச்சுட்டுப் போகச் சொன்னார்."

கதவோரம் கிடந்த மூன்றாவது. ஓரத்தில் கீறல். ஒரு திருகு இல்லை. காலையில் அவள் தன் கையாலேயே எண் போட்டுத் தட்டில் வைத்தது.

"குடுக்காதீங்க டாக்டர். ரெடியாகலைன்னு சொல்லுங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்." நடை ஓட்டமாகியிருந்தது. "பத்திரமா இருங்க."

யாரிடமும் சொல்லிப் பல வருடமான வார்த்தை.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. இருபது வருடமாகக் காலையும் மாலையும் அவள் கையால் எழுப்பிய சத்தம். கடைக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள்.

யாரோ அதை உள்பக்கமிருந்து போட்டார்கள்.